திருப்பி வைத்த மூன்று அடிக்கற்கள்

துறைமுகத்துப் பக்கம் வந்து நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் என் கைவேலை ஒன்றாவது கண்ணில் படும். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மழை வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் தாங்கி நிற்கிற கருங்கல் மதில் என்னுடையது. மாதா கோவில் மணிக்கூண்டின் மேல் பாதி என்னுடையது. கீழ்ப் பாதியைக் கட்டியவர் சாய்த்துவிட்டுப் போனார். அந்தச் சாய்வை மேலே நிமிர்த்தியவன் நான். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற தொட்டி என்னுடையது, இன்றுவரை ஒரு சொட்டுக் கசிந்ததில்லை. அம்மன் கோவிலில் தேர் வந்து நிற்கிற தேர்முட்டி என்னுடையது. கந்தளாயில் உத்தியோகத்தர் வீடுகள் பன்னிரண்டு, புல்மோட்டையில் உப்புக்காற்றுத் தின்ன முடியாத ஒரு களஞ்சியம், சந்தைக்குப் பின்னால் பதினாறு கக்கூசுகள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஊரில் அதிகம் பேர் வந்துபோகிற கட்டிடம் அதுதான்.

இத்தனையும் மூன்றாம் வகுப்போடு நின்றவன் கட்டியவை. வெள்ளைக்காரன் கப்பற்படை வைத்திருந்த காலத்தில் அவனுடைய கப்பல்தளத்துக்குள் சாந்து சுமக்கப் போனேன். சுமந்தவன் பூசப் பழகினேன், பூசினவன் கட்டப் பழகினேன், கட்டினவன் கல்லில் எழுத்து வெட்டப் பழகினேன். செத்துப்போன மாலுமிகளின் கல்லறைகளுக்கு எழுத்து வெட்ட ஆள் தேவைப்பட்டது. எனக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க வரும். இங்கிலீசும் சிங்களமும் அறவே வராது. ஆனாலும் மூன்று மொழியிலும் ஓர் எழுத்துப் பிசகாமல் வெட்டியிருக்கிறேன். வாசிக்கத் தெரிந்தவன்தான் அவசரப்படுவான். வாசிக்கத் தெரியாதவன் ஒவ்வொரு வளைவையும் பார்த்துப் பார்த்து வெட்டுவான்.

வெள்ளைக்காரன் கொடியை மடித்துக்கொண்டு கப்பலேறியபோது என்னோடு வேலை இழந்தவர்கள் வாசல் படலையடியில் நின்று அழுதார்கள். நான் அவன் எறிந்துவிட்டுப் போன பலகைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பலகையில் சாரம் கட்டித்தான் முதல் கொந்தராத்தை, அதாவது ஒப்பந்த வேலையை, செய்தேன். எழுதப்படிக்கத் தெரியாதவனுக்கு எப்படிக் கொந்தராத்துக் கொடுப்பது என்று கேட்ட உத்தியோகத்தர் பின்னாளில் நான் கட்டிய வீட்டில் குடியிருந்துதான் ஓய்வு பெற்றார்.

இவற்றுள் ஆகச் சிறியது கடற்கரையில் நிற்கிற முக்கோணத் தூண். ஆள் உயரம்தான். புயலில் போன எட்டுப் பேருடைய தூண். அதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நடந்ததை நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். யாருடைய பெயரையும் சொல்லமாட்டேன். பெயர்களால் நாங்கள் பட்ட பாட்டை வாசித்தால் ஏன் என்று உங்களுக்கே விளங்கும்.

அறுபத்து நாலு மார்கழிப் புயலை நாடே அறியும். வடக்கிலும் கிழக்கிலும் கரை நெடுக அடித்தது. வானொலி நாட்கணக்காகச் சோக வாத்தியம் வாசித்தது. எங்கள் கரையில் அன்று பின்னேரமே கடல் சாம்பல் நிறமாகிவிட்டது. கரைவலைத் தோணியை அப்படியே விட்டால் சுக்குநூறாகும், உள்துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினால் தப்பும் என்று எட்டுப் பேர் அதில் ஏறினார்கள். ஆறு பேர் தண்டு வலித்தார்கள், துடுப்பைத்தான் நாங்கள் தண்டு என்போம். ஒருவர் அணியத்தில், அதாவது தோணியின் முன் தலைப்பில், நின்றார். ஒருவர் பின்னால் சுக்கான் பிடித்தார்.

கரைவலைக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. தோணியில் அவனவனுக்கு ஓர் இடம். இடப்பக்கம் மூன்று தண்டு, வலப்பக்கம் மூன்று தண்டு. ஒருவன் இடத்தில் மற்றவன் இருக்கமாட்டான். காய்ச்சல் என்று ஒருவன் வீட்டில் படுத்தால் அவன் தண்டு சும்மா கிடக்கும், மற்றவர்கள் கூட்டி வலிப்பார்களே தவிர அந்தப் பலகையில் குந்தமாட்டார்கள். எட்டுப் பேரில் நாலு பேர் அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள், இரண்டு பேர் பள்ளிவாசலுக்கு, இரண்டு பேர் மாதா கோவிலுக்கு. இதை நான் இப்போது எண்ணிச் சொல்கிறேன். அன்றைக்கு யாரும் எண்ணவில்லை.

மாதா கோவில்காரர் இருவரில் ஒருவர் சிங்களவர். தெற்குக் கரையிலிருந்து வருடா வருடம் இங்கே வாடிக் குடிசை போட்டு மீன்பிடிக்க வருகிறவர்களோடு வந்தவர், ஒரு வருடம் திரும்பிப் போகாமல் எங்கள் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். தமிழை எங்களைவிடச் சத்தமாகப் பேசுவார். பிழைகளையும் சத்தமாகவே விடுவார். அவருடைய இடம் வலப்பக்கத்து நடுத்தண்டு.

காலையில் நான் கட்டிய வீடுகள் நின்றன, மற்றவர் கட்டிய வீடுகள் கிடந்தன. அதைச் சொல்லிப் பெருமைப்பட அன்றைக்கு எனக்கே மனம் வரவில்லை. தோணியின் ஒரு பக்கம் மட்டும் கரைக்கு வந்தது. மூன்று நாளுக்குள் ஐந்து உடல்கள் வந்தன. மூன்று வரவேயில்லை. வராதவர்களில் ஒருவர் அந்த நடுத்தண்டுக்காரர். அவர் மனைவி கிழமைக்கணக்கில் கரையில் நின்றாள். அவளுக்குக் கல்லறை என்று காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

முதலாம் வருட நினைவுக்கு ஒருவரும் கூட்டம் கூட்டவில்லை. எட்டு வீட்டுக்காரரும் கடற்கரைக்கு வந்தார்கள். மணலில் எட்டு விளக்கு வைத்தார்கள். சிலது மெழுகுதிரி, சிலது எண்ணெய் விளக்கு. சாம்பிராணிப் புகை ஒரு பக்கம், பாத்திஹா ஒரு பக்கம், செபமாலை ஒரு பக்கம். பெரிய கிடாரத்தில் சோறு காய்ச்சி எல்லோரும் ஒரே கறியைப் போட்டுச் சாப்பிட்டோம். யாரும் பேச்சுப் பேசவில்லை. பேசத் தெரிந்த ஆட்கள் அந்த வருடம் வரவில்லை.

இரண்டாம் வருடம் வந்தார்கள். ஒரு குழுவைத் தொடங்கினார்கள்.

குழுவின் தலைவர் ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர். நல்ல மனிதர், அதில் பிழை சொல்லமாட்டேன். ஆனால் முப்பது வருடம் முத்திரை குத்திய கை. எதையாவது குத்தாமல் இருக்காது. முதற்கூட்டத்திலேயே, இது நாட்டுக்கே வந்த துயரம், இதில் அரசியல் கலக்கக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றினார். அதற்கென்று 'அரசியல் கிடையாது' என்று ஒரு ரப்பர் முத்திரையும் செய்வித்து, தீர்மானத்தின் மேல் ஒன்று, உறையின் மேல் ஒன்று என்று குத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த மை காயுமுன்னே ஒருவர் எழும்பி, "அப்ப அடிக்கல்லை ஆர் நாட்டுறது?" என்று கேட்டார்.

"ஆளும் கட்சிக்காரரைத்தான் கூப்பிட வேணும்" என்றார் தலைவர்.

"அது அரசியல் எல்லோ, ஐயா?" என்றேன் நான்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மேசன், அவர் வாறது அரசியலில்லை. அவரைக் கூப்பிடாமல் விடுறதுதான் அரசியல்."

படித்த மனிதர் சொன்னால் மூன்றாம் வகுப்புக்காரன் என்ன செய்வது? குழி வெட்டினேன். ரிப்பன் என்ன நிறம் என்பதில் ஒரு பின்னேரம் முழுவதும் போனது. பச்சை ஒரு கட்சியாம், நீலம் ஒரு கட்சியாம், சிவப்பு ஒரு கட்சியாம், மஞ்சள் கோவில்காரருக்காம். கடைசியில் வெள்ளை என்று முடிவெடுத்தார்கள். அன்றைக்கு அதைக் கட்டப்போனால் கோழிக்காலுக்குக் கட்டுகிற நூல் மாதிரி இருந்தது. ஆளும் கட்சிக்காரர் கொழும்பிலிருந்து சலவைக்கல் பலகை ஒன்றைக் காரில் கொண்டுவந்தார். அதில் அவருடைய பெயர் நான்கு விரல் உயரம். பட்டங்கள் இரண்டு விரல் உயரம். அடியில், குனிந்து பார்த்தால் தெரிகிற எழுத்தில், 'புயலில் மாண்ட பொதுமக்கள் நினைவாக' என்று இருந்தது.

மேசன் கரண்டியை அவர் கையில் கொடுத்தேன். பாயாசம் கிண்டுகிற மாதிரிப் பிடித்தார். ஒரு கரண்டிச் சாந்தைப் போட்டுவிட்டுப் படத்துக்குச் சிரித்தார். அவர் போனபின் அந்தச் சாந்தைச் சுரண்டி எறிந்துவிட்டுக் கல்லை மட்டம் பார்த்து நிறுத்தியவன் நான்.

தூணுக்கான உதவி வருமுன்னே தேர்தல் வந்தது. அவர் தோற்றார். வென்றவர் இடத்தைப் பார்க்க வந்தார். அடிக்கல்லைக் கண்டதும் செருப்புக்குள் முள் ஏறினவர் மாதிரி நின்றார்.

"இதுக்கு மேலை நான் எப்பிடிக் கட்டுறது? அவரின்ரை பேர் கீழை கிடக்க நான் மேலை நிண்டு பேசுறதோ?"

எனக்கு மணலும் சீமெந்தும் ஏற்றித்தருகிற லொறிக்காரர் பக்கத்தில் நின்றார். கிண்ணியாக்காரர், எனக்கு நானா முறை, அதாவது அண்ணன் மாதிரி. அவர் வாய் சும்மா இருக்காது. "என்ன ஐயா, மிதிச்சிக்கிட்டு நிண்டு பேசலாமே. தேர்தல்ல செஞ்சதுதானே" என்றார்.

புதியவர் அதைக் காதில் விழாத மாதிரி விட்டுவிட்டு, பத்தடி தள்ளி இரண்டாவது அடிக்கல்லை நாட்டினார். கல் முதலாவதைவிட ஓர் அங்குலம் பெரிது. அளந்து செய்வித்திருக்கிறார். முதற்கல்லில் இருந்த 'புயலில் மாண்ட பொதுமக்கள்' இந்தக் கல்லில் 'பொதுமக்கள்' என்று சுருங்கியது, இடம் போதவில்லை. அன்றும் தலைவர் முதலில் எழும்பி, இது அரசியல் மேடையில்லை என்று சொன்னார். அதன்பிறகு முக்கால் மணித்தியாலம் முன்னைய ஆட்சி செய்த பிழைகளைக் கேட்டோம்.

மூன்றாவது கல்லை நாட்டியவர் எங்கள் மொழிக்காக உரத்துப் பேசுகிறவர். முன்னைய இரண்டு கல்லும் ஏமாற்றுக் கற்கள் என்றார். அன்றைய மேடையில் அவர் குற்றம் சொல்லாமல் விட்டது கடலை மட்டும்தான். எட்டு வீட்டுக்காரரும் முன்வரிசையில் குந்தியிருந்தார்கள். புயல் என்ற சொல்லை அவர் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் எங்கள் இளைஞர்கள் புயலாக எழும்புவார்கள் என்பதற்காகத்தான்.

இப்படி மூன்று அடிக்கல் வந்தது, தூண் வரவில்லை. ஊருக்கு ஒரு நன்மை உண்டானதை மறைக்கக்கூடாது. சலவைக்கல் வெயிலுக்கு நன்றாகச் சூடேறும். கரையில் பெண்கள் அந்தக் கற்களில் நெத்தலி காயப்போட்டார்கள். மணலில் மூன்று நாள் காய்வது ஆளும் கட்சிக் கல்லில் ஒன்றரை நாளில் காய்ந்தது.

கடைசியில் எட்டு வீட்டுக்காரரின் பொறுமை போனது. பெரியவர்கள் கட்டாவிட்டால் நாங்களே கட்டுகிறோம், பெயர்களை வெட்டினால் போதும் என்று தலைவர் வீட்டு விறாந்தைக்கே போய்ச் சொன்னார்கள். அவர் உடனே கூட்டம் வைத்தார். அங்கே பிடித்தது அடுத்த சனியன். யாருடைய பெயர் முதலில்?

எழுத்து வரிசைப்படி என்றார் ஒருவர். எந்த மொழி எழுத்து என்றார் மற்றவர். வயதுப்படி என்றார்கள், இரண்டு பேருக்குப் பிறந்த வருடம் தாய்க்கே தெரியாது. சமயத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றி என்றார்கள். எந்தச் சமயத்தில் தொடங்குவது? பிறகு கதை அந்த நடுத்தண்டுக்காரரில் வந்து நின்றது.

"அவர் எங்கடை ஊரே? தெற்கிலையிருந்து வந்த ஆளை எங்கடை கல்லிலை ஏன் போடுவான்?" என்றார் மொழிக்காரரின் ஆள்.

"இல்லையில்லை, அவரைத்தான் முதல் போட வேணும். மேலிடம் பாத்தால் சந்தோசப்படும், உதவியும் வரும்" என்றார் ஆளும் கட்சி ஆள்.

நடுத்தண்டுக்காரரின் மனைவி பின் வரிசைப் பலகை வாங்கில் குந்தியிருந்தாள். இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. தலைவர் இரண்டு கருத்தையும் எழுதிக்கொண்டு, அரசியல் வேண்டாம் என்ற தீர்மானத்தை இன்னொரு முறை வாசித்துவிட்டுக் கூட்டத்தை ஒத்திவைத்தார்.

அடுத்த நாள் காலை நான் ஒரு மதில் வேலையில் நிற்க அவள் வந்தாள். கையில் ஒரு பழைய துணிப்பொட்டலம்.

"அண்ணை, நேத்து கேட்டனீங்கள்தானே. ஒரு பகுதி அவரைத் தள்ளுது. மற்றப் பகுதி அவரைத் தூக்கி முன்னுக்கு வைக்குது. முன்னுக்கு வைச்சால் மற்ற ஏழு வீட்டுக்காரியும் என்னோடை கதைப்பினமே?"

"உமக்கு என்ன வேணும் பிள்ளை?"

"அவர் இருந்த இடத்திலை அவரை வைச்சால் காணும். எட்டுப் பேரையும் தோணியிலை இருந்த மாதிரி வையுங்கோ. ஆர் முதல் எண்டு ஒருத்தரும் கேட்க ஏலாது."

கரண்டியைக் கீழே வைத்தேன். பள்ளிக்கூடம் போனவர்கள் ஒரு மேசையைச் சுற்றியிருந்து கண்டுபிடிக்காததை இவள் பின் வாங்கில் இருந்து கண்டுபிடித்துவிட்டாள். அவள் ஒவ்வொருவர் இடத்தையும் சொன்னாள். யோசிக்கவேயில்லை. எத்தனை காலை கரையில் நின்று அந்தத் தோணி போவதைப் பார்த்திருப்பாள்! பொட்டலத்தை அவிழ்த்துக் கலியாணப் பதிவுத் துண்டைக் காட்டினாள். புயலில் நனைந்து காய்ந்தது. அதில் அவர் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதியிருந்தார்.

"அவரின்ரை எழுத்திலையே வெட்டுவியளே?"

"சிங்கள எழுத்து எனக்கு வாசிக்க வராது. வெட்ட வரும்" என்றேன். "ஆனால் கல்லுக்கு எங்கை போறது?"

அதுதான் சிக்கல். அது இறக்குமதி நின்றுபோன காலம். கொழும்பில் கேட்டாலும் சலவைக்கல் இல்லை. கருங்கல்லில் வெட்டலாம், உப்புக்காற்றில் எழுத்து நிற்கும், ஆனால் தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. அதை லொறி நானாவிடம் சொன்னேன். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார்.

"மேசனார், ஊருல மாபிள் இல்லண்டு ஆரு சொன்ன? நெத்தலி காயுற மாபிள் மூணு கிடக்கே. அது என்னத்துக்கு?"

"அதிலை பெரிய மனிசர்களின்ரை பேர் வெட்டிக் கிடக்கே நானா."

"அதுதான் கத. அவங்கட பேர வெச்சிக்கிட்டு மத்தவங்கட பேர எப்பிடி வெட்டுற?"

கல்லைக் காட்டியவர் நானா என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருப்ப வேண்டும் என்று கண்டவன் நான். எழுதிய முகத்தை உள்ளே வைத்து, எழுதாத முதுகை வெளியே வைப்பது. மூன்று கல்லுக்கு முக்கோணத் தூண். ஒரு முகம் கடலுக்கு, இரண்டு முகம் கரைக்கு. கடல் முகத்தில் அணியத்தில் நின்றவரும் சுக்கான் பிடித்தவரும். கரை முகம் இரண்டில் இடத்தண்டு மூன்று, வலத்தண்டு மூன்று. இந்த யோசனை எந்த வரைபடத்திலும் இருந்து வந்ததல்ல. என் தலையில் இருந்து வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடுப் பகலில், நானாவின் லொறியை மூன்று கல்லுக்கும் நடுவில் நிறுத்தினோம். தலையில் கொந்தராத்துத் தொப்பி, கையில் ஒரு சுருட்டிய காகிதம். பட்டப்பகலில் தொப்பி போட்டுக்கொண்டு செய்தால் இந்த நாட்டில் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். ஒரு பொலிஸ்காரர் மட்டும் சைக்கிளை நிறுத்தி, என்ன வேலை என்றார். அடிக்கல்லைப் பாதுகாக்கிற வேலை என்றேன். நல்லது என்று போய்விட்டார். நெத்தலிக்காரிகள்தான் சண்டைக்கு வந்தார்கள்.

கல்லின் முதுகுகளைத் தேய்த்து மினுக்கி, சோக்குக்கட்டியால் எட்டுப் பெயரையும் எழுதி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மாறிப் போச்சு அண்ணை."

"என்ன மாறிப் போச்சு? நீர் சொன்னபடிதானே. வலத்தண்டு மூண்டும் வலப்பக்கம்."

"உங்கடை வலப்பக்கம். நீங்கள் கரையிலை நிண்டு பாக்கிறியள். அவர் எங்களைப் பாத்துக்கொண்டெல்லோ வலிச்சவர்."

உண்மைதான். தண்டு வலிக்கிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பான். முகம் கரைக்குத்தான். அவனுடைய வலக்கை எங்கள் இடப்பக்கம். பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்கிற எனக்கு அது தோன்றவில்லை. கட்டிடக்காரன் எதையும் வெளியே நின்றுதான் பார்ப்பான். நல்ல வேளை, சோக்குக்கட்டிதான். வாழ்நாளில் என் வேலையில் ஒருவர் கண்டுபிடித்த ஒரே பிழை அது. ஈரத்துணியால் துடைத்தேன். எழுத்துகளை எல்லாம் மாற்றி எழுதி முடியும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

தலைவருக்குச் சேதி போய், குடையோடு ஓடிவந்தார். அதற்குள் இரண்டு கல்லைத் திருப்பி நிறுத்தியாயிற்று.

"மேசன்! இது அரசாங்கச் சொத்து! பெரிய ஆக்களின்ரை பேரை உடைச்சுப் போட்டீரே?"

"ஐயா, ஒரு எழுத்தைக்கூட நான் தொடேல்லை. எல்லாப் பேரும் உள்ளுக்கை பத்திரமாய் இருக்கு. மழை படாது, வெயில் படாது, நெத்தலி படாது. மூண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கொண்டு இருப்பினம். வெளியிலை அப்பிடி ஒரு நாளும் இருந்ததில்லையே."

"இது அரசியலாய்ப் போகும்" என்றார்.

"ஐயாவின்ரை முத்திரை வைச்சிருக்கிறியள்தானே. குத்துங்கோ" என்றேன்.

பாவம், அவர் குத்தவில்லை. ஆனால் மூன்றாவது கல்லைத் தூக்கும்போது குடையை மடித்து வைத்துவிட்டு ஒரு கை கொடுத்தார். அதை நான் மறைக்கமாட்டேன். அவர் கை கொடுத்தது ஒரு நிமிடம். அதையும் சொல்கிறேன் பாருங்கள்.

அவளுடைய கணவரின் பெயரைக் கடைசியாக வெட்டினேன். பதிவுத் துண்டைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் ஒட்டி, அவர் எழுத்தின் வளைவைப் பார்த்து வளைத்தேன். கடைசி எழுத்தில் அவருடைய பேனை ஒரு வால் இழுத்திருந்தது. அதையும் வெட்டினேன். அந்த மொழி தெரிந்த ஒருவர் பின்னாளில் பார்த்து, வால் தேவையில்லை என்றார். அது அவருடைய வால் என்றேன்.

அந்த வருட நினைவு நாளில் ஆளும் கட்சிக்காரர் வந்தார். இரண்டாம் கல்லை நாட்டியவரேதான். மலர்வளையத்தோடு இறங்கி அங்குமிங்கும் பார்த்தார்.

"என்ரை கல் எங்கை?"

"உள்ளுக்கை இருக்கு, ஐயா" என்றேன். "அடிக்கல் எண்டால் கட்டிடத்துக்குள்ளைதானே இருக்க வேணும்."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கடலைப் பார்த்தார். "சரி, இதின்ரை முன்பக்கம் எது?" என்றார், மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"கடல் பக்கந்தான் ஐயா முன்பக்கம். அலை முழங்கால் மட்டும் வரும்."

படம் எடுக்கிறவர் தண்ணீருக்குள் இறங்கமாட்டேன் என்றார். மலர்வளையம் கொஞ்ச நேரம் கைமாறிக் கைமாறி நின்றது. கடைசியில் அதை வாங்கியது அந்தப் பெண்தான். வாங்கி, தூணுக்கு அடியில் எந்த முகத்துக்கும் நேரே இல்லாமல் மூலையில் வைத்தாள். அவர் பேச வாய் திறந்தபோது, "இருங்கோ ஐயா, முதல் எங்கடை ஆக்களைக் கூப்பிட்டு முடியட்டும்" என்றாள். கோபம் இல்லாமல், வீட்டுக்கு வந்தவரை இருக்கச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். அவர் இருந்தார். இருக்கக் கதிரை இல்லாததால் மணலில் இருந்தார்.

எட்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் வந்து தங்கள் ஆளின் பெயரில் கையை வைத்துச் சொன்னார்கள். அணியத்தில் தொடங்கிச் சுக்கானில் முடித்தார்கள். நடுத்தண்டுக்கு வந்தபோது அவள் கையை வைத்தாள். அவள் வாய் திறக்குமுன்னே மற்றப் பெண்கள் ஏழு பேரும் அவருடைய பெயரைச் சொன்னார்கள். அவர் தமிழைச் சத்தமாகப் பேசின மாதிரி, சத்தமாகவே சொன்னார்கள்.

அதன்பின் அந்த ஆளும் கட்சிக்காரர் பேசினார். அரசியல் பேசமாட்டேன் என்று தொடங்கிப் பத்து நிமிடம் பேசினார். அவருக்குக் குறை சொல்லமாட்டேன். அவருக்குப் பத்து நிமிடம் என்பது விரதம் இருந்த மாதிரி.

இதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. தபாலதிபர் போய்விட்டார். புதிய குழு, புதிய தலைவர்கள். இந்த மார்கழிக்கு ஒரு நினைவு மலர் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். மகள் எனக்கு உரக்க வாசித்தாள். முதல் பக்கத்தில் மூன்று அடிக்கல்காரரின் படங்கள், மூன்றும் ஒரே அளவு. எந்தக் கட்சிக்கும் மனம் நோகக்கூடாதாம். இந்தத் தூண் அவர்களுடைய பெருங்கொடை என்று எழுதியிருக்கிறது. ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி, பந்தலுக்குத் தென்னோலை கொடுத்தவருக்கு நன்றி. அட்டையின் அடியில் 'அரசியல் கலவாத நினைவு' என்று.

பிறகு மாண்டவர் பட்டியல். எழுத்து வரிசையில் ஏழு பெயர். எட்டாவது இடத்தில் 'மற்றும் ஒருவர்'.

மகளைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். திரும்பவும் அதுதான். இந்தக் காலத்தில் அந்தப் பெயரைப் போட்டால் சிலருக்குப் பிடிக்காது, போடாவிட்டால் வேறு சிலருக்குப் பிடிக்காது, ஆகவே இரண்டு பகுதிக்கும் பொதுவாக இப்படி எழுதினோம் என்று குழுச் செயலாளர் சொன்னாராம். அரசியல் வேண்டாம் என்றுதான் செய்தார்களாம். நடுத்தண்டுக்காரரின் மனைவியும் அந்த மலரை வைத்திருக்கிறாள். நான் போனபோது மேசையில் மூடிக் கிடந்தது. "கல்லிலை இருக்குத்தானே அண்ணை" என்றாள். அவளுக்கு அது போதும் என்று சொல்லலாம். எனக்குப் போதாது.

ஆகவே குழு இந்த மலரைத் திரும்ப அச்சடிக்க வேண்டும். வேறு காகிதம் ஒட்டித் தருவோம், அடுத்த வருடம் பார்ப்போம் என்ற கதை வேண்டாம். எட்டுப் பேரும் தோணியில் இருந்தபடி வரவேண்டும், வலத்தண்டில் நடுவில் இருந்தவர் வலத்தண்டில் நடுவில். யார் எங்கே இருந்தார் என்று சொன்னவள் அவருடைய மனைவி என்று ஒரு வரி. அதற்குக் கீழே, இந்தத் தூண் யாருடைய கொடையும் அல்ல, மூன்று கல்லையும் திருப்பி வைத்துப் பெயர் வெட்டிக் கட்டியவன் இந்த ஊர் மேசன் என்று இன்னொரு வரி. என் பெயரை எழுத வேண்டாம், படமும் வேண்டாம். மேசன் என்றால் யாரென்று துறைமுகம் முழுக்கத் தெரியும். ஆனால் தென்னோலைக்காரருக்கு நன்றி சொன்ன எழுத்தைவிடச் சிறிய எழுத்தில் அதைப் போட்டால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.